ஒற்றைக்கண் கட்டடத்தில் ஒரு விரிசல்

ஜூன் 4, புதன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் கணவர் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு வாளி வாங்கி வந்தார். மகள் அதையே சாக்காக வைத்து முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடிவிட்டாள். நான் நகராட்சி அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். மேசையில் ஒரு மனு காத்திருந்தது. கடைத்தெரு மூலையில் இருக்கும் பழைய மாடிக் கட்டடத்தின் முகப்பில் விரிசல் வளர்ந்துகொண்டே போகிறதாம். எதிர்வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அண்ணன் செருப்புக்கடை வைத்திருக்கிறார்.

மேலதிகாரியிடம் போய், அது என் கூடப்பிறந்தவருடைய கடை, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். இந்த ஊரில் உறவுக்காரர் யாரும் இல்லாத கட்டடமாகப் பார்த்துத்தான் போவேன் என்றால் நீங்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும் என்றார். பிறகு, பொறியாளர் என்று நீங்கள் ஒருவர்தானே இருக்கிறீர்கள் என்றார். அதுவும் உண்மைதான்.

நாளை போகிறேன். இன்னும் பார்க்கவேயில்லை, அதற்குள் இரண்டு முறை மனுவை எடுத்துப் படித்துவிட்டேன். எதற்கு?

ஜூன் 5, வியாழன்

பார்த்தேன். எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. உச்சியில் கடிகாரம் வைப்பதற்காக விட்ட வட்டத் துளை. கடிகாரம் வந்ததே இல்லை. அதனால்தான் ஊரில் ஒற்றைக்கண் கட்டடம் என்கிறார்கள். துளையில் இப்போது புறா. அதற்குக் கீழே, வரிசையாக வளைவு வைத்த ஜன்னல்கள், நடுவில் சாந்தில் செய்த பூமாலை. அந்தப் பூமாலையை இரண்டாகப் பிளந்துகொண்டு விரிசல் இறங்குகிறது — வட்டத் துளையிலிருந்து நேராக, அண்ணன் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருக்கும் தூண்வரை. என் சுண்டுவிரல் நுழைகிறது.

ஏணி போட்டு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கீழே ஒரு கூட்டம். அண்ணன் கடையிலிருந்து வெளியே வந்து, சுவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டுகிறாள் என் தங்கச்சி என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன்.

அவர் கடைக்கு மேலேதான் கணக்கு டீச்சரின் டியூஷன் அறை. என் மகளும் அங்கேதான் போகிறாள்.

ஜூன் 6, வெள்ளி

கண்ணாடி உடையவில்லை.

ஜூன் 9, திங்கள்

உடையவில்லை. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். மருந்துக்கடைக்காரர், உள்ளே வந்து உட்காருங்கள், சுவர் எங்கேயும் ஓடிவிடாது என்கிறார். ஓடிவிடக்கூடாது என்றுதானே இத்தனையும்?

ஜூன் 11, புதன்

இன்று மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்கு மேலே போட்டோ ஸ்டூடியோ. வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒரு பக்கம் சரிவாகக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பகல் வெளிச்சத்தில்தானே படம் எடுத்தார்கள். போட்டோக்காரர் படம் கழுவும் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே சாமான்களுக்குப் பின்னால், செங்கல் வைத்து அடைத்த ஒரு ஜன்னல். அதன் தலைக்கு மேல் மழைத் தண்ணீர் விழாமல் இருக்க ஒரு கல் மறைப்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. அறைக்குள்ளே மழை மறைப்பு எதற்கு?

அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சுவர் ஒரு காலத்தில் வெளிச்சுவர். அதன்மேல் மழை பெய்திருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அண்ணன் பக்கத்துச் செங்கல் மெலிந்தது, சாந்து சுண்ணாம்பு. மருந்துக்கடைப் பக்கத்துச் செங்கல் தடிமனானது, சாந்து சிமெண்ட். இரண்டு பக்கத்து மாடித் தரையும் ஒரே மட்டம் இல்லை; நடைவழியில் சரிவு வைத்து மறைத்திருக்கிறார்கள். ஸ்டூடியோப் பக்கத்துக் கடைசி ஜன்னல் ஜன்னலே இல்லை — வெறும் சுவரில் வளைவும் சட்டமும் வைத்துப் பூசியது. இந்தப் பக்கக் கணக்குக்கு அந்தப் பக்கமும் ஒன்று வேண்டுமே! ஆக, இது ஒரு கட்டடம் இல்லை. முதலில் அண்ணன் கடை இருக்கும் இடதுபக்கம் தானியக் கிடங்காக இருந்திருக்கிறது; தரையில் இன்னும் வண்டிச் சக்கரம் தேய்த்த கல் இருக்கிறது. ஒரு தலைமுறை கழித்து யாரோ வலதுபக்கத்தைச் சேர்த்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே முகத்தைப் பூசி, நடுவில் கண்ணையும் வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டடம் என்று ஊருக்குக் காட்டப் பூசிய முகம்.

விரிசல் விழுந்தது அந்த ஒட்டில். இரண்டு பாதியும் வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி தனித்தனியே விரிந்து சுருங்குகின்றன. பூச்சுதான் பிளந்திருக்கிறது. ஆபத்து இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். கடைக்கு வந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஒரு ஜோடி செருப்பு எடுத்து நீட்டினார். மறுத்துவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அறிக்கை எழுதி முடிக்கும்வரை வேண்டாம் அண்ணா என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சாப்பிடும்போது மகள் சொன்னாள்: டியூஷனில் டீச்சர் வருவதற்குள் பென்சில் பந்தயம் வைப்பார்களாம். எங்கே வைத்தாலும் பென்சில் தானாக உருண்டு அறை நடுவுக்குப் போய்விடுமாம். சுவரோரமாக வைத்தால்தான் வேகமாம், அதனால் அந்த இடத்துக்குச் சண்டை.

கை கழுவப் போன நான் குழாயடியிலேயே நின்றேன். நடுவுக்கு ஏன் போகிறது?

ஜூன் 14, சனி

டியூஷன் அறைக்குப் போனேன். தரையில் மட்டக்கோல் வைத்தேன். நடுவில் குழி. ஒரு பெரிய தட்டுபோல இறங்கியிருக்கிறது. கதவு நிலையில் உரசுகிறது. மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்துத் தச்சரைக் கூப்பிட்டு இழைத்ததாக டீச்சர் சொன்னார். மறுபடியும் உரசியதாம். மறுபடியும் இழைத்தார்களாம்.

கீழே இறங்கி அண்ணன் கடையில் அண்ணாந்து பார்த்தேன். பலகைகளால் கூரையை மறைத்த ஃபால்ஸ் சீலிங். குட்டிக் குட்டி விளக்குகள். ஒன்றும் தெரியவில்லை. முன்பு இந்தக் கடை இவ்வளவு நீளமா? பின்னால் ஒரு சரக்கு அறை இருந்ததே?

கேட்டேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது, எடுத்துவிட்டேன் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒரு அம்மாவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், அதனால்கூட இருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

மகளை டியூஷனுக்கு அனுப்பவில்லை. தலைவலி என்று டீச்சருக்குச் சொல்லச் சொன்னேன். எனக்கு எங்கேம்மா தலைவலி என்றாள். பேசாமல் வீட்டிலிரு என்றேன். அப்புறம் கேட்டாள்:

“அப்போ மத்தவங்க எல்லாம் போயிருக்காங்களேம்மா?”

என் பிள்ளையை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். ஒரு அறை நிறையப் பிள்ளைகள் அங்கே பென்சில் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் இங்கே துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். சே, என்ன மனுஷி நான்.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணிக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை, நேராகக் கேட்டேன். நீ வெளியூரில் வேலையில் இருந்தபோது நடந்தது என்றார். பலகை இல்லை, செங்கல் சுவர்தான். கடை குகை மாதிரி இருக்கிறது, ஆள் உள்ளே வரத் தயங்குகிறது என்று ஒரு கொத்தனாரை வைத்து உடைத்தாராம். சுவர் இருந்த இடத்தில் மேல்பாரம் தாங்க ஒரு இரும்பு கர்டர் கொடுத்தார்களாம். யாரையும் கேட்கவில்லை. அவர் எப்போது கேட்டிருக்கிறார்? கல்யாணத்துக்கு முன்னால் என்னைக்கூடக் கேட்கவில்லை என்று அண்ணி சிரிக்கப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நான் சொன்னேன்னு சொல்லிடாத. ஆனா சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது.”

ஜூன் 18, புதன்

கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்ற வேண்டும் என்றேன். அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் திறந்தார்.

ஏணி. டார்ச். தூசி. மேலே மாடியைத் தாங்கும் மர உத்தரங்கள் எல்லாம் வந்து அந்த ஒற்றைக் கர்டரில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சுவர் சுமந்த பாரம் முழுதும் அதன் முதுகில். கர்டர் வளைந்திருக்கிறது — அதுகூடப் பரவாயில்லை. அதன் ஒரு முனை பக்கச் சுவருக்குள் சும்மா நுனிதான் நுழைந்திருக்கிறது. அடியில் கல் வைக்கவில்லை. பழைய சுண்ணாம்புச் செங்கல்மேல் அப்படியே வைத்துவிட்டார்கள். விரலால் தொட்டேன். செங்கல் மாவாக உதிர்ந்து என் கண்ணில் விழுந்தது.

ஊரே முகப்பைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. நானும் அங்கேதான் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் சொன்னேன்: அண்ணா, கடையை மூடணும், மேலயும் யாரும் இருக்கக்கூடாது, இன்னைக்கே. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“பள்ளிக்கூடம் தொறந்த நேரம் பாப்பா. வருஷத்துல இந்த ஒரு மாசம்தான் எனக்கு.”

தெரியும் என்றேன்.

“இத்தன வருஷம் நின்னது இன்னும் ஒரு மாசம் நிக்காதா?”

நிற்கலாம். அதுதானே கொடுமை. நிற்கவும் நிற்கலாம்.

ஜூன் 18, மதியம்

மேலதிகாரி இரண்டு முறை கேட்டார், விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று. விழாது என்று என்னால் சொல்ல முடியவில்லை சார் என்றேன். மூடச் சொல்லும் உத்தரவில் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

ஜூன் 20, வெள்ளி

மூடியாகிவிட்டது. இடதுபக்கம் முழுக்க — கீழே செருப்புக்கடை, மேலே டியூஷன். கயிறு கட்டி அறிவிப்பு ஒட்டினேன். கணக்கு டீச்சர் தன் வீட்டு வராந்தாவில் வகுப்பு வைத்துக்கொள்கிறேன் என்று கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் சரக்கை வண்டியில் ஏற்றினார். ஒவ்வொரு பெட்டியாக என்னைக் கடந்து போனார். உதவிக்குக் கை நீட்டினேன். பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஜூலை 2, புதன்

நல்ல மழை. அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் நின்றேன். கட்டடம் சுகமாக நனைந்துகொண்டு நிற்கிறது.

ஜூலை 11, வெள்ளி

எதிர்வரிசைத் துணிக்கடைக்காரர், என்ன மேடம், இன்னும் விழலையா என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். மனு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது மூடியது அதிகம் என்கிறார்கள். கடை இருண்டு கிடப்பதால் அந்தத் தெரு முனைக்கே ஆள் வருவதில்லையாம்.

அண்ணன் வீட்டு முன்னறையில் வைத்து விற்கிறார். போதவில்லை என்று அண்ணி சொன்னார். அண்ணன் என் போனை எடுப்பதில்லை. மகள் செய்தால் எடுக்கிறார், அவளிடம் சிரித்துப் பேசுகிறார், அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றால் ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிடுகிறார்.

ஜூலை 24, வியாழன்

இதை எழுதலாமா? வேறு எங்கே எழுதுவது?

இன்று பெரிய காற்று. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. என் மனதில் முதலில் வந்தது: இன்று விழுந்துவிட்டால் நன்றாக இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது, உள்ளேதான் ஆள் இல்லையே. நான் சொன்னது சரி என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

கட்டடம் விழ வேண்டும் என்று ஆசைப்படும் பொறியாளர். அண்ணன் கடை இடிய வேண்டும் என்று காத்திருக்கும் தங்கை. கணவரிடம் சொன்னேன். உனக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும் என்றார். ஓய்வா? கண்ணை மூடினால் அந்தச் செங்கல் உதிர்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இப்போது புதுச் சங்கடம். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் பெருநகரத்திலிருந்து காரில் வந்தார். என் அறிக்கையின் பிரதி கையில். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி என்றார். எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள்! அப்புறம்தான் புரிந்தது: முழுவதையும் இடித்துவிட்டு உயரமாக ஒன்று கட்டப்போகிறார். கண்ணாடி முகப்பு. வரைபடம்கூடத் தயாராக இருக்கிறது. வாடகைக்காரர் எல்லாரும் வெளியே. மருந்துக்கடை, ஸ்டூடியோ, அண்ணன் — எல்லாரும்.

“ஆபத்துன்னு நீங்கதானே எழுதினீங்க?”

நான்தான் எழுதினேன். ஒரு சுவரைத் திரும்ப வைத்தால் தீரும் என்றும் எழுதியிருக்கிறேன், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள் என்றேன். கடைசிப் பக்கம் அவரிடம் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நகராட்சி அலுவலகக் கூட்டம். பேசினேன். தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினேன். வலதுபக்கத்தில் குறையே இல்லை. இடதுபக்கத்தில் ஒரே ஒரு குறை, அதுவும் பின்னால் மனிதர்கள் செய்தது, கட்டடம் செய்தது அல்ல. அறைக்குள் இருக்கும் மழை மறைப்பைப் பற்றி, பொய் ஜன்னலைப் பற்றி, வண்டி தேய்த்த கல்லைப் பற்றிச் சொன்னேன். ஊர் வளர்ந்தது எப்படி என்று அந்தச் சுவரைப் பார்த்தால் தெரியும் என்றேன். ஒருவர் கொட்டாவி விட்டார். போட்டோக்காரர் பின்வரிசையில் எழுந்து, மேடம் சொல்ற ஜன்னலைப் பாக்க நெனைக்கிறவங்க என் கடைக்கு வாங்க, படமும் எடுத்துக்கலாம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் காற்று மாறியது என்று நினைக்கிறேன். இடிக்கும் முன் பழுது பார்க்க ஒரு வாய்ப்பு தருவது என்று முடிவானது. மேற்பார்வைப் பொறுப்பு என்னுடையது.

பொறுப்பு என்னுடையது. முட்டுக் கொடுக்கும்போது சரிந்தால்?

ஆகஸ்ட் 27, புதன்

நாளை முட்டுக் கொடுக்கிறார்கள். இரும்புக் கால்களை இரண்டு முறை எண்ணிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கொத்தனாரும் ஆட்களும் காலையில் இறங்கினார்கள். மாடி உத்தரங்களுக்கும் கர்டருக்கும் கீழே இரும்புக் கால்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திருகி, பாரத்தைத் தூக்கி வாங்கினார்கள். கொஞ்சம் திருகுவது, காத்திருப்பது, மறுபடி கொஞ்சம். கட்டடம் முனகியது. நான் உள்ளேயே நின்றேன். மற்றவர்களை நிற்க வைத்துவிட்டு நான் எப்படி வெளியே நிற்பது?

அண்ணன் வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம், நடைபாதையில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

பாரம் முழுதும் கால்களுக்கு வந்தபிறகு கர்டரின் முனையைச் சுற்றிக் கொத்தனார் பூச்சை எடுத்தார். ஒரு தட்டுத் தட்டினார். அடியிலிருந்த செங்கற்கள் மொத்தமாக மண்போலக் கொட்டின. சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியாக அடுத்த சந்து தெரிந்தது. கர்டரின் முனை எதிலும் படாமல் காற்றில் நின்றது. எது இத்தனை நாள் தாங்கியது? பூச்சா? யார் புண்ணியமோ.

கொத்தனார் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கி, வெளியே போய் முகம் கழுவினார்.

அண்ணன் கயிற்றைத் தாண்டி வாசல்வரை வந்திருந்தார். அந்த ஓட்டையைப் பார்த்தார். அப்புறம் மேலே, டியூஷன் அறைத் தரையைப் பார்த்தார். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போகவில்லை. போனால் நான் ஜெயித்துவிட்டு வந்து நிற்பதுபோல இருக்கும். நான் ஒன்றும் ஜெயிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அண்ணன் எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

சுவர் எழும்புகிறது. முழுச் சுவராக வேண்டாம், நடுவில் அகலமாக ஒரு வளைவு விடலாம் என்று வரைந்து கொடுத்தேன். கடை குகை மாதிரி இருக்காது. அண்ணனுக்குப் பிடிக்குமா என்று அண்ணி மூலம் கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

கயிற்றை அவிழ்த்தேன். டியூஷன் திரும்ப மேலே போயிற்று. மகளையும் அனுப்பினேன். அவள் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன். பழக்கம் போகவில்லை.

அண்ணன் கடை திறந்தார் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

அக்டோபர் 18, சனி

மதியம் போன். அண்ணன் பேர் திரையில்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“பாப்பா, அந்த வளைவுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி மாட்டணும். செருப்புப் போட்டுப் பாக்குறவங்களுக்கு. ஆணி அடிக்கலாமா?”

வளைவுக்கு எந்தப் பக்கம் என்றேன்.

“எனக்குச் சொல்லத் தெரியல. நீயே வந்து பாரேன்.”

போனேன். கடையில் ஆள் இருந்தது. அண்ணன் ஸ்டூல்மேல் ஏறி, சுவரில் ஆணியை வைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சுத்தியலை ஓங்காமல், வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.